அந்த 38 வினாடி வீடியோவும் எங்கள் ஃபியட்டும்

சரி, எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்து இதுவரை பதினேழு பேர் அந்த வீடியோவை எனக்கே அனுப்பி, "இது உங்க வண்டிதானே?" என்று கேட்டிருக்கிறார்கள். ஆமாம், என் வண்டிதான். ஏற்காடு மலைப்பாதையில் பதின்மூன்றாவது கொண்டை ஊசி வளைவு தாண்டி, பானெட்டைத் திறந்துவிட்டுக் கையில் ஈரத்துணியோடு நிற்கும் அந்தப் பொம்பளையும் நான்தான். பின்னால் ஓடும் காமெடி வசனம்கூடப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. எடுத்த தம்பிக்கு நல்ல எதிர்காலம் உண்டு.

மூன்று நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் நேற்று இரவு என் கூடப்பிறந்த தம்பியே, பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, குடும்ப குரூப்பில் அதே வீடியோவைப் போட்டு "அக்கா, இப்பவாவது அதை எடைக்குப் போடு" என்று எழுதியிருக்கிறான். அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல். அதனால்தான் இந்தப் பதிவு.

வண்டி நின்றது. இல்லை என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் வீடியோ ஓடுவது 38 வினாடி, வண்டி நின்றது 22 நிமிடம். மிச்ச நேரத்தில் என்ன நடந்தது என்று யாருக்காவது தெரியுமா? வண்டி இருமும்போதே இடது ஓரம் ஒதுக்கிவிட்டேன். பின் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். எச்சரிக்கை முக்கோணத்தை எடுத்துப் பின்னால் வைத்தேன். பஸ் தாராளமாகப் போகும் அளவுக்கு வழி இருந்தது. போய்க்கொண்டும் இருந்தது. அப்புறம் எப்படி அவ்வளவு நீள வரிசை? பின்னால் வந்த ஒரு பெரிய வெள்ளை வண்டி, பொறுக்க முடியாமல், வளைவிலேயே வலது பக்கம் ஏறி முந்தப் பார்த்தது. மேலேயிருந்து பஸ் வந்துவிட்டது. இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்து நின்றுவிட்டன. அந்த வெள்ளை வண்டி வீடியோவில் எங்கேயும் இல்லையே என்று பார்க்கிறீர்களா? இருக்காது. வீடியோ எடுக்கப்பட்டதே அதற்குள்ளிருந்துதான்.

ஏன் நின்றது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நாம் ஃபியட் என்று சொல்லும் பிரீமியர் பத்மினி இது. 1089 சிசி, கார்ப்பரேட்டர் வண்டி. பெட்ரோலை இழுக்கும் பம்ப் எஞ்சினை ஒட்டியே இருக்கும். மே மாத வெயிலில், வரிசையில் ஊர்ந்து ஊர்ந்து, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஏறினால் காற்றும் படாது, பம்ப் கொதிக்கும். குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் பெட்ரோலுக்குப் பதில் வெறும் ஆவியை இழுக்கும். வண்டி மூச்சுத் திணறி நிற்கும். 'ஏர் பிடிச்சுக்கிச்சு' என்பார்கள், 'வேப்பர் லாக்' என்பார்கள். வைத்தியம் என்ன? பம்பின் மேல் ஈரத்துணி போட்டு, சும்மா நிற்க வேண்டும். அவ்வளவுதான். நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான். "ஆன்ட்டி காருக்கு நெத்தியில் பத்துப் போடுறாங்க" என்று சிரித்தீர்களே, ஏறக்குறைய சரிதான், காய்ச்சலுக்குப் போடுவது போலத்தான். 22 நிமிடம் கழித்து ஒரே சாவியில் கிளம்பியது. யாரும் தள்ளவில்லை. ஏரி வரை ஏறியது. சாயங்காலம் வீட்டு வாசலில் வந்து நின்றது. நின்றதும் உண்மை, வந்ததும் உண்மை.

அன்று காலை அடிவாரத்திலிருந்து மேலே போவதற்குள் ஓரம் கட்டிய வண்டிகளை, என் கூட வந்த அத்தை எண்ணிக்கொண்டே வந்தார். ஐந்து. அதில் இரண்டு புத்தம் புதுசு, நம்பர் பிளேட்டில் பொட்டுகூடக் காயவில்லை. கிளட்ச் கருகிய நாற்றம் கண்ணாடியை ஏற்றிய பிறகும் வந்தது. அவர்களை யாராவது படம் எடுத்தார்களா? புது வண்டி நின்றால் பாவம், பழைய வண்டி நின்றால் காமெடி. அதிலும் ஓட்டுவது பொம்பளை என்றால் கேட்கவே வேண்டாம். "ஸ்கூட்டி ஓட்ட வேண்டியவங்க" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, என் வண்டிக்கு கியர் ஸ்டியரிங்கிலேயே இருக்கும். சாவியை உங்கள் கையில் கொடுக்கிறேன், அஸ்தம்பட்டி ரவுண்டானாவைச் சுற்றி வந்து ரிவர்ஸ் போட்டு நிறுத்திக் காட்டுங்கள். அப்புறம் ஸ்கூட்டி பற்றிப் பேசலாம்.

இதை வைத்துக்கொள்வதா விற்பதா என்று நான் யோசிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். இரண்டு வருடமாக அதுதான் யோசனை. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது நான். 38 வினாடி பார்த்தவர்கள் இல்லை. அது என் வண்டி.

1991 மாடல். அப்பா 1996இல் ஒரு டாக்டரிடமிருந்து வாங்கினார். செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குச் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை இருந்தது, நான்கு பேர் வேலை. சேலத்துக் கொலுசு ஊரெல்லாம் போகும், அதைச் செய்கிறவன் டவுன் பஸ்ஸில் போவான் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். 78,000 ரூபாய். வீட்டுக்கு ஓட்டி வந்த அன்று அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கவே இல்லை. உள்ளேயே உட்கார்ந்து காபி குடித்தார். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். தம்பிக்குக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் எனக்கு. இதைத் தம்பி இன்றுவரை மன்னிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அன்றைக்கே அது நம்பிக்கையான வண்டி கிடையாது. என் கல்யாணத்தன்று, 1998இல், அம்மாப்பேட்டை மண்டபத்துக்குப் போகும் வழியில் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் வண்டி பின்னால். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா இறங்கித் தள்ளினார். பின்னாலிருந்து யாரோ "கொலுசு மாட்டி விடுங்க, நடந்துரும்" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்து உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். இறங்கவில்லை. கல்யாணப் பெண் இறங்கித் தள்ள முடியுமா என்று கேட்கலாம். அதற்காக இறங்காமல் இல்லை. வெட்கமாக இருந்தது, வண்டியை நினைத்தும், தள்ளுகிறவரை நினைத்தும். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இன்று ஏனோ எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

இனி உங்கள் கேள்விகள்.

"மைலேஜ்?" சமதளத்தில் லிட்டருக்குப் பத்து, பதினொன்று. மலையேறினால் ஏழு. பெட்ரோல் நூறைத் தாண்டி எத்தனை வருடம் ஆயிற்று என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் வருடத்துக்கு ஓட்டுவது 1,200 கிலோமீட்டர். மலையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் பெட்ரோல் 15,000 ரூபாய்க்குள். மெக்கானிக் பாய்க்குக் கொடுப்பது ஒரு 20,000. என் தம்பி புது வண்டிக்கு மாதம் கட்டும் தவணை 31,000. மாதம்! அவனே குரூப்பில் சொன்னதுதான். இதில் யார் யாருக்குக் கணக்குச் சொல்லித் தருவது?

"புகை?" புகைச் சான்றிதழ் கையில் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை நான் போய் வரும் தூரத்தை நீங்கள் பால் வாங்க, ஜிம்முக்குப் போக என்று இரண்டு நாளில் ஓட்டிவிடுகிறீர்கள். என் வண்டி புது வண்டியைவிட அதிகம் புகைவிடும், ஒப்புக்கொள்கிறேன். 30 வருடமாக என் வீட்டுக்காக இன்னொரு காரை இரும்பு உருக்கிச் செய்ய வேண்டியிருக்கவில்லை, அதையும் கணக்கில் சேருங்கள்.

"உதிரி பாகம்?" கிடைக்கிறது. மும்பையில் 2023 அக்டோபரில் கடைசி ஃபியட் டாக்சியும் ஓய்ந்த பிறகு இனி எங்கே கிடைக்கும் என்று பாயே பயந்தார். சென்னை புதுப்பேட்டையில் இன்னும் கிடைக்கிறது. இப்போது பெரிய தலைவலி பெட்ரோலேதான். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பழைய ரப்பர் ஹோஸ் ஊறி ஊறிக் கொழகொழவென்று ஆகிவிடுகிறது, பம்புக்குள் இருக்கும் டயாபிரம் என்ற ரப்பர் சவ்வும் அப்படியே. இரண்டு வருடத்தில் மூன்று முறை மாற்றிவிட்டோம். இந்த வண்டி செய்யும்போது எத்தனாலை யார் கண்டார்கள்? சாராயம் குடித்துப் பழகாத வயிறு, என்ன செய்யும்.

"பாதுகாப்பு?" ஏர்பேக் இல்லை. பின் சீட்டில் பெல்ட் இல்லை. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். தெரியும். இறங்கும்போது இரண்டாவது கியரை விட்டு மாறுவதில்லை. பேத்தியை அதில் ஏற்றுவதில்லை என்று மகள் சொல்லிவிட்டாள், நானும் ஏற்றுவதில்லை. இதைப் பற்றி இங்கே மேற்கொண்டு பேச எனக்கு விருப்பமில்லை.

"வின்டேஜ் என்று பதிவு பண்ணி ஓரமாக வைக்கலாமே?" இது நல்ல மனதோடு கேட்டது, அதனால் பதில் சொல்கிறேன். மத்திய அரசு 2021இல் போட்ட விதிப்படி வின்டேஜ் ஆக வண்டிக்கு 50 வயது ஆக வேண்டும். இதற்கு 35தான். அது வின்டேஜ் ஆகும்போது எனக்கு 68. வண்டி கிழமும் இல்லை, குமரியும் இல்லை. என்னைப் போலத்தான்.

அதற்குள் ஆர்.சி. இந்த நவம்பரில் முடிகிறது. போன முறை, 2021இல், புதுப்பிக்க 600 ரூபாய். இப்போது 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000. அதற்கு முன்னால் அடித்தகரம் இரண்டு இடத்தில் ஓட்டை அடைக்க வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும். பாய்க்கு எழுபது தாண்டிவிட்டது. அவர் மகன்கள் இருவரும் கம்ப்யூட்டரை மாட்டி வண்டி பார்க்கிறவர்கள். "இது ஸ்கேனர் போட்டுப் பாக்கற வண்டி இல்லீங்கம்மா, காதைப் போட்டுப் பாக்கணும்" என்பார் பாய். அந்தக் காதுக்குப் பிறகு யார் என்று எனக்கும் பதில் தெரியாது. நாமக்கல்லிலிருந்து ஒருவர் கல்யாண போட்டோ ஷூட்டுக்காகக் கேட்கிறார். அறுபதாயிரம் வரை தருகிறாராம். போன மாதம் அவருக்கு வண்டியின் போட்டோ நான்தான் அனுப்பினேன். ஆமாம், நானேதான். பதிலுக்கு அவர் அழைத்தபோது எடுக்கவில்லை. ஆகவே நான் பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று யாரும் புத்தி சொல்ல வேண்டாம்.

இவ்வளவும் எழுதியாயிற்று. உண்மையில் எரிவது எங்கே என்று இன்னும் சொல்லவில்லை.

வீடியோவின் கடைசியில் முன் சீட்டில் ஒரு பாட்டி தெரிவார். தலையில் துண்டு போட்டு, கையில் தண்ணீர் பாட்டிலோடு. அது என் அத்தை, அப்பாவின் அக்கா. 81 வயது. அவர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். யாரோ நலம் விசாரிக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். அதற்குக் கீழே ஒரு கமெண்ட்: "வண்டியோட சேர்த்துப் பாட்டியையும் எடைக்குப் போட்டா நல்ல காசு வரும்." 214 பேர் சிரித்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள். இருந்தார்கள்.

வண்டி நின்றபோது அத்தை பதறவில்லை. "என்ன கண்ணு, மூச்சு வாங்குதா அதுக்கு? இருக்கட்டும், நானும் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன்" என்றார். அவ்வளவுதான் அவருடைய புகார். 1996இல் அப்பாவுக்கு எட்டாயிரம் குறைந்தது. சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தது அத்தை. அதை அப்பா திருப்பித் தந்ததாக எனக்கு நினைவில்லை. என் வண்டி, என் வண்டி என்று மேலே எழுதியிருக்கிறேன். கணக்குப் பார்த்தால் பத்தில் ஒரு பங்கு அத்தையுடையது. அவரைக் கேட்காமல் அறுபதாயிரத்துக்கு நான் போட்டோ அனுப்பியிருக்கிறேன்.

அன்று நாங்கள் சேர்வராயன் கோயிலுக்குத்தான் கிளம்பினோம். அந்தக் குகைக்குள் குனிந்து போக முழங்கால் இன்னும் ஒரு வருடம் தாங்கும், அதற்கு மேல் தெரியாது என்று அத்தை இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை மணி. கூட்டம், வெயில். "போதும் கண்ணு" என்றுவிட்டார். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு இறங்கிவிட்டோம்.

அவரிடம் போன் இல்லை. வீடியோ தெரியாது. சொல்லவும் போவதில்லை.

வியாழக்கிழமை பாய் ஹோஸ் மாற்ற வருகிறார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம், வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விடலாம். நவம்பரை நவம்பரில் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி, இதை நீ படிப்பாய் என்று தெரியும். சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்தால் நான்கு மணிக்குள் இங்கே இருக்கலாம். நின்றால் தள்ள ஓர் ஆள் வேண்டும்.