தொங்காட் அலி காப்பி குடிக்கும் அண்ணன்மார்களுக்கு

பிறை, பட்டர்வொர்த் பக்கம் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) தொங்காட் அலி என்ற மூலிகை வேர் கலந்த காப்பி விற்பவர்கள் இப்போதெல்லாம் ஆராய்ச்சியைக் காட்டித்தான் பேசுகிறார்கள். “ஆண் ஹார்மோன் ஏறும்னு யுனிவர்சிட்டியிலேயே கண்டுபிடிச்சிட்டாங்கண்ணே” என்கிறார்கள். ஆராய்ச்சி நடந்தது உண்மை. அதுவும் நம்ம பினாங்கில், மிண்டனில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த ஆராய்ச்சி சொன்னது வேறு, இவர்கள் விற்பது வேறு.

டெஸ்டோஸ்டிரோன் என்ற அந்த ஆண் ஹார்மோனைச் சுரப்பவை விதைப்பைக்குள் உள்ள விரைகளில் இருக்கும் லைடிக் செல்கள். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனை அனுப்பினால்தான் அவை வேலையைத் தொடங்கும். கொலஸ்ட்ராலைத் தங்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புக்குள் இழுத்துப் படிப்படியாக மாற்றும். அப்படி உருவான டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கை அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக்கிவிடும். தொங்காட் அலி வேரிலுள்ள யூரிகோமனோன் என்ற பொருள் அந்த நொதியைத் தடுக்கிறது, அதனால் எலியின் லைடிக் செல்களில் டெஸ்டோஸ்டிரோன் கூடுகிறது என்று 2013-இல் வந்த ஆய்வு காட்டியது. அருமையான வேலை.

ஆனால் ஆய்வகத் தட்டில் வளரும் செல்லுக்குக் குடல் கிடையாது, கல்லீரல் கிடையாது, ஹார்மோன் ஏறியதும் போதும் என்று நிறுத்தச் சொல்லும் மூளையும் கிடையாது. மருந்து நேராகச் செல்லின் மேலேயே விழுகிறது. வாய்வழியாகக் கொடுத்தால் எலிக்கே யூரிகோமனோனில் சிறு பங்குதான் இரத்தத்தில் சேர்கிறது. மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். 2012-இல் வெளியான மலேசிய ஆய்வில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்த 76 ஆண்கள் ஒரு மாதம் தினம் 200 மில்லிகிராம் சாறு எடுத்தார்கள், பலருக்கு அளவு ஏறியது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத குழு அதில் இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ, மரபணுவைச் சேதப்படுத்தக்கூடும் என்ற அச்சத்தால், இந்த வேர்ச்சாறு பாதுகாப்பானது என்று 2021-இல் ஏற்க மறுத்துவிட்டது.

எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. “ஒரே பாக்கெட், ராத்திரிக்கே தெரியும்” என்று விற்கிறார்களே, வேர் அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. அப்படிச் செய்தால் உள்ளே சில்டெனாஃபில், தடலாஃபில் போன்ற ஆண்மைக்குறைவு மருந்துகள் கலந்திருக்கிறதா என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இந்த மாதிரிக் கலப்பட காப்பிகளைப் பற்றிச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் மாத்திரை வைக்கும் ஒருவர் தெரியாமல் அதைக் குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். நம்மவர்களில் இருதய நோயும் இனிப்புநீரும் (நீரிழிவும்) எத்தனை வீட்டில் இருக்கிறது! 2019 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர்.

இன்னொன்று. அரோமடேஸ் வயிற்றுக் கொழுப்பில் நிறைய இருக்கிறது. தொப்பையும் இனிப்புநீரும் சேர்ந்தாலே டெஸ்டோஸ்டிரோன் குறையும், எடை குறைந்தால் பலருக்குத் திரும்ப ஏறும். அந்த நொதியைத் தடுக்க என்று சீனியும் கிரீமரும் நிறைந்த காப்பியைக் குடிப்பதில் எனக்கு நியாயமே தெரியவில்லை.

சோர்வு, ஆசைக்குறைவு என்றால் வெட்கப்படாமல் கிளினிக்குக்குப் போங்கள். காலையில் சாப்பிடாமல் இரத்தம் கொடுங்கள், குறைவாக வந்தால் இன்னொரு நாள் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். மாத்திரையாக வாங்குவதானால் பாக்கெட்டில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையதளத்தில் சரிபாருங்கள். என்ன குடிக்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள் அண்ணே, அந்தக் காப்பிப் பாக்கெட்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.