ராணி யாருக்கும் உத்தரவு போடுவதில்லை

எறும்புகளைப் பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருக்கிறது, ஆனால் ராணி எறும்புதான் எல்லாருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறது என்று ஒரு வரி வருகிறதே, அது சரியில்லை. ராணி முட்டையிடும், அவ்வளவுதான். மேஸ்திரி என்று அங்கே யாரும் கிடையாது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டெபோரா கார்டன் பாலைவனத்தில் விதை சேகரிக்கும் எறும்புகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர். விதையோடு திரும்பும் எறும்புகளை, கூட்டின் வாசலுக்கு உள்ளே காத்திருப்பவை உணர்கொம்பால் தொட்டுப் பார்க்கின்றன. உடம்பின் மேலுள்ள மெழுகுப் பூச்சின் வாசனையிலேயே வந்தது யார், என்ன வேலையில் இருப்பது என்று தெரிந்துவிடும். அப்படி அடுத்தடுத்து நிறைய வந்தால் இவையும் வெளியே கிளம்பும், வரத்து குறைந்தால் கிளம்புவதும் குறையும். இதில் உத்தரவு எங்கே இருக்கிறது?

அப்புறம் வயது. பல இனங்களில் இளசுகள் உள்ளே முட்டையிலிருந்து வந்த குட்டிப் புழுக்களைக் கவனிக்க, வயதானவைதான் இரை தேடி வெளியே போகும். ஆபத்தான வேலை கிழடுகளுக்கு! கொடூரம்தான், ஆனால் கூட்டுக்கு இழப்பு குறைவு.

வாசனை விஷயத்தில் கட்டுரையில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. செத்த எறும்பின் உடலில் உருவாகும் ஒலியிக் அமிலத்தை உயிரோடு இருக்கும் எறும்பின் மேல் தடவிப் பார்த்தார் எறும்பு ஆராய்ச்சியாளர் எட்வர்ட் வில்சன். அது காலை உதைத்துக்கொண்டிருந்தாலும் மற்றவை விடாமல் தூக்கிப் போய்க் குப்பைமேட்டில் போட்டன, தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்வரை.