கொறங்காட்டை வருசக் குத்தகைக்கு விடாதீர்கள்

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் பக்கம் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு, வைத்துக்கொண்டு திருப்பூரிலும் கோவையிலும் குடியிருக்கும் சொந்தங்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் காட்டில் கொழுக்கட்டைப் புல் அற்றுக்கொண்டே வருகிறது. கேட்டால் மழை இல்லை என்கிறீர்கள். நான் அதை ஏற்க மாட்டேன்.

நம் பக்கம் எப்போதுமே வருசத்துக்கு 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் மழை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் அந்தக் கொஞ்சத்தை நம்பித்தான் சரளை மண்ணில் கிளுவை வேலி போட்டு, காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, புல்லுக்கு நடுவே வெள்வேல மரத்தையும் காப்பாற்றி வைத்தார்கள். ஒரு துண்டில் மேச்சேரிச் செம்மறி ஆடு மேயும்போது அடுத்த துண்டின் கடவு அடைத்தே கிடக்கும். அடைத்து வைக்கிற அந்தக் காலம்தான் இப்போது இல்லாமல் போனது.

முதல் மழைக்குத் துளிர்க்கும் புல், வேரில் சேர்த்து வைத்த சத்தைச் செலவழித்துத்தான் தலைகாட்டுகிறது. செம்மறி மண்ணை ஒட்டிக் கடிக்கும். ஒரு முறை கடித்தால் மறுபடி துளிர்க்கும். திரும்பத் திரும்பக் கடித்தால் வேர் வற்றி, தூரோடு செத்துவிடும். கதிர் விட்டு விதை உதிரும்வரை பொறுத்து, அப்புறம் ஆட்டை விட்டால், குளம்பு பட்டு விதை மண்ணுக்குள் இறங்கும். அடுத்த மழைக்குக் காடு தானே முளைத்து நிற்கும்.

இது மேய்க்கிறவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் பதினோரு மாசத்துக்குக் காட்டைப் பிடித்தவர், அடுத்த வருசம் வேறொருவர் கைக்குப் போகப்போகும் புல்லுக்காகத் தன் ஆட்டை ஏன் பட்டினி போட வேண்டும்? அவரை ஒரு சொல்லும் குறை சொல்ல மாட்டேன். குத்தகையைக் குறுக்கியது நாம்.

வெள்வேலத்தை விறகுக்கு வெட்ட விடுவது இன்னொரு கொடுமை. கோடையில் புல் காய்ந்து சத்தற்றுக் கிடக்கும்போது அந்த மரத்தின் காய்தான் ஆட்டுக்குப் புரதம். ஆடு தின்று கழிக்கும் விதையிலிருந்தே புதுக் கன்றும் முளைக்கும். சீமைக் கருவேலமும் இதே வழியில்தான் பரவுகிறது என்பதால், சீமைக் கருவேலங்காயைத் தின்ற ஆட்டை ஒரு வாரம் பட்டியில் வைத்துவிட்டுக் கொறங்காட்டுக்குள் விடுவது நல்லது.

கோடையில் மொத்த மந்தைக்கும் தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகாது. வாங்க முடிந்த கொஞ்சத்தைச் சினை ஆட்டுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். ஐந்து மாசச் சினையில் குட்டி பெரும்பாலும் வளர்வது கடைசி ஒன்றரை மாசத்தில்தான். அப்போது கையளவு மக்காச்சோளமும் புண்ணாக்கும் கிடைத்த ஆடு திடமான குட்டி போடும், பாலும் இருக்கும். மற்றவற்றுக்குச் சோளத்தட்டும் தண்ணீரும் நிழலும் போதும். இரக்கப்பட்டு ரேஷன் அரிசியை அள்ளி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. பழக்கமில்லாத ஆடு அரிசியை அதிகம் தின்றால் வயிறு புளித்துச் செத்தே போகும்.

2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. சபை அறிவித்திருக்கிறது. நல்ல விசயம். நம் ஊர் மேய்ப்பருக்கு அதனால் ஏதாவது கிடைக்க வேண்டுமானால் குத்தகைப் பத்திரத்தில் நாம்தான் கை வைக்க வேண்டும்.

குறைந்தது ஐந்து வருசத்துக்கு எழுதிக் கொடுங்கள். ஐப்பசி தொடங்கிப் பொங்கல் வரைக்கும் பாதிக் காடு அடைத்திருக்க வேண்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். எந்தப் பாதி என்பதை வருசா வருசம் மாற்றிக்கொள்ளலாம். அடைத்த பாதிக்கு அந்த மாசங்களில் குத்தகைப் பணம் கேட்காதீர்கள். புல் அடியோடு போன துண்டை உழுது கொழுக்கட்டை விதை தூவும் செலவு காட்டுக்குச் சொந்தக்காரரான நம்முடையது. வெள்வேலத்தில் யாரும் கோடாலி வைக்கக் கூடாது, காட்டுக்காரர் உட்பட.