சேற்றுக்கு அஞ்சிப் புல்லை மிதிப்பவர்கள்

ஸ்காட்லாந்தில், லோமண்ட் ஏரிக்கரையிலுள்ள பால்மஹா ஊருக்கு மேலே 361 மீட்டர் உயரத்தில் நிற்கும் கோனிக் குன்றில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் ஆறுவதில்லை. மூச்சு வாங்க வைக்கும் அந்தப் புல்சரிவின் உச்சியை அடைந்தால், இஞ்ச்கைலாக், டோரிஞ்ச், கிரெயிஞ்ச், இஞ்ச்மரின் ஆகிய தீவுகள், மேட்டுநிலத்தையும் தாழ்நிலத்தையும் பிரிக்கும் நிலப்பிளவின் வழியே நூல் பிடித்தாற்போல் ஏரிக்குள் வரிசையாகக் கிடப்பதைக் காணலாம்.

அத்தகைய குன்றில், பாதை நடுவே சற்றுச் சேறு இருக்கிறது என்பதற்காக ஒருவர் ஓரத்துப் புல்லில் கால் வைக்கிறார். அந்த இடமும் குழைந்து சேறானதும் அடுத்தவர் இன்னும் ஓரடி தள்ளி நடக்கிறார். ஒற்றையடிப் பாதையாக இருக்க வேண்டியது வண்டித்தடம்போல் அகன்றுவிடுகிறது. சென்ற முறை, யாரோ ஒருவரின் குதிகாலில் பெயர்ந்த கையளவு புல்கட்டி ஒன்று, வெளிறிய வேர்கள் மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்தது. அதை எடுத்துப் பழைய குழியிலேயே வைத்து அழுத்தினேன், ஒட்டவில்லை. மண்ணைப் பிடித்து வைத்திருப்பதே அந்த வேர்கள்தாம். அவை போனால் மழைநீர் அவ்வழியே ஓடிச் சரிவை அரித்துவிடுகிறது.

பிறர் நிலத்திலும் நடக்கும் உரிமையை 2003ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே அனைவருக்கும் அளித்திருக்கிறது. பொறுப்புடன் நடக்க வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. காலணியில் சேறு பட்டால் கழுவிக்கொள்ளலாமே! சேற்றின் நடுவிலேயே நடந்து செல்லுங்கள்.