மக்குவது வேறு, உடைவது வேறு

மரக்கன்று வைக்கக் குழி வெட்டும்போது கடப்பாரையில் ஏதோ சிக்கியது. இழுத்துப் பார்த்தால் ஒரு பழைய சட்டை. சட்டை என்றுகூடச் சொல்ல முடியாது. துணி முழுவதும் மண்ணாகிவிட்டது. ஓரங்களில் ஓடிய தையல் நூலும், பொத்தான்களும், கழுத்தில் வைத்துத் தைத்த லேபிளும் மட்டும் மிச்சம். பருத்தி மக்கிவிட்டது, அதைத் தைத்த பாலியஸ்டர் நூல் மக்கவில்லை. கொஞ்சம் தள்ளி ஒரு கேரி பேக் கிடந்தது. மண்ணை உதறினால் இப்போதும் சாமான் போட்டுத் தூக்கலாம், அவ்வளவு முழுசாக இருந்தது.

ஒரே குழி, ஒரே ஈரம். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

பருத்தி என்பது செல்லுலோஸ், செடிகொடிகளின் உடம்பைக் கட்டும் நார்ப்பொருள். பூஞ்சையும் பாக்டீரியாவும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தின்று பழகிய தீனி அது. அதை வெட்டித் துண்டாக்கும் நொதிகள் அவற்றிடம் இருக்கின்றன. கேரி பேக்கைச் செய்யும் பாலித்தீன் அப்படியில்லை. கார்பன் அணுக்களை நீளமாகக் கோத்த சங்கிலி அது. நொதி பிடித்து வெட்டுவதற்கு அதில் வாகான இடமே கிடையாது. இன்று நாம் புழங்கும் பாலித்தீனுக்கு வழி திறந்ததே 1933-ல்தான். 500 ஆண்டில் மக்கும், 1000 ஆண்டில் மக்கும் என்று பகிர்கிறார்களே, இன்னும் நூறு வயதுகூட ஆகாத பொருளுக்கு அதையெல்லாம் யார் காத்திருந்து பார்த்தார்கள்? அவை வெறும் கணிப்புகள்.

"வெயிலில் கிடந்த பை பொடிப்பொடியாகப் போச்சே, அது மக்கினதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து அந்தச் சங்கிலியை அங்கங்கே அறுக்கின்றன. பை மொடமொடவென்று ஆகி நொறுங்குகிறது. நொறுங்கியது எங்கும் போய்விடவில்லை. 5 மில்லிமீட்டருக்கும் சிறிதானால் அதற்குப் பெயர் நுண்பிளாஸ்டிக். மண்புழு அதையும் விழுங்கி, தன் வளை வழியே ஆழத்துக்குக் கொண்டுபோகிறது. சரி, புதைத்துவிட்டால்? வெளிச்சம் இல்லை, காற்று குறைவு, சூடும் இல்லை. நொறுங்குவதுகூட அநேகமாக நின்றுபோகிறது. புதைப்பது என்றால் பாதுகாத்து வைப்பது என்றுதான் அர்த்தம்.

பிளாஸ்டிக் மட்டும் என்றில்லை. அரிசோனா பல்கலைக்கழகத்தில் 1973-ல் குப்பையை ஆராயும் திட்டம் ஒன்றை வில்லியம் ராத்ஜே தொடங்கினார். தொல்லியல்காரர் அவர். பின்னாளில் குப்பைக் கிடங்குகளைத் தோண்டியபோது, பல பத்தாண்டுகளுக்கு முந்தைய செய்தித்தாள்கள் படிக்கிற நிலையிலேயே வெளியே வந்தன. குப்பை எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்கவே அந்தத் தேதிகள்தான் உதவின. இறுக்கி அமுக்கிய குப்பைக்குள் காற்றும் ஈரமும் போகாவிட்டால் காகிதமே மக்காது. கண்ணாடி அப்படியே கிடக்கும், இரும்பு துருவாகும், அமில மண்ணில் எலும்பு கரையும். என்ன நடக்கும் என்பது பொருளோடு அது கிடக்கும் இடத்தையும் பொறுத்தது.

இதனால்தான் பைகளில் அச்சடிக்கும் 'மக்கும்' என்ற சொல்மேல் எனக்கு அவ்வளவு கோபம். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தின் இமோஜன் நாப்பரும் ரிச்சர்ட் தாம்சனும் 2019-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பலவகைப் பைகளை மண்ணிலும் கடலிலும் வெளிக்காற்றிலும் மூன்று ஆண்டு வரை விட்டுப் பார்த்தார்கள். 'உயிரிவழி மக்கும்' என்று விற்ற பை மூன்று ஆண்டு மண்ணில் கிடந்த பிறகும் சாமான் தாங்கியது. உரமாகும் என்ற பை கடலில் மூன்றே மாதத்தில் காணாமல் போனது, ஆனால் மண்ணில் 27 மாதம் கழித்தும் இருந்தது. எடை வைத்தால் கிழிந்தது, அவ்வளவுதான். சோளம் போன்றவற்றின் மாவுச்சத்திலிருந்து செய்யும் பிஎல்ஏ என்கிற பிளாஸ்டிக்குக்கோ 60 டிகிரி அளவில் சூடு நிற்கும் உர ஆலை வேண்டும். வீட்டுத் தோட்டத்து மண் அந்தச் சூட்டுக்கு எங்கே போகும்?

எங்கே, எந்தச் சூட்டில், எத்தனை நாளில் என்று அச்சடிக்க முடியாதவர்கள் அந்தச் சொல்லையே பையில் போடக் கூடாது. ஆக்சிஜன் பட்டுப் பொடியாகும்படி ரசாயனம் கலந்த பிளாஸ்டிக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் சட்டம் போட்டே தடை செய்தது. அது சரியான முடிவு. பொடியாவதை மக்குவது என்று விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் குழியிலிருந்து தையல் நூலை முழுசாக உருவி எடுக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. இப்போதெல்லாம் பழைய பருத்தித் துணியை உரக்குழியில் போடுவதற்கு முன்னால் உட்கார்ந்து தையலைப் பிரித்துவிடுகிறேன். பொத்தான், லேபிள், எலாஸ்டிக் எல்லாம் தனி டப்பாவில். அப்புறம்தான் துணி மண்ணுக்குள் போகிறது.