பிஎம்பிஓ வாட்ஸ் பத்தி ஒரு திருத்தம்

மேல கமெண்ட்ல ஒரு அண்ணன், பெட்டியில 10,000 வாட்ஸ் பிஎம்பிஓன்னு போட்ட ஹோம் தியேட்டர் 100 வாட்ஸ் ஆர்எம்எஸ் செட்டை விட நூறு மடங்கு பவர்னு சொல்லிருக்காரு, அதை நம்பி சிலபேரு கும்பகோணத்துக்கு வாங்கவே கிளம்பிட்டாங்க. அது அப்படி இல்லண்ணே. பிஎம்பிஓங்கறது கண்ணிமைக்கிற நேரம்கூட நிக்காத உச்சத்தை கம்பெனிக்காரங்க அவங்கவங்க கணக்குல ஏத்திப் போடறது, அதுக்குன்னு பொதுவான அளவுமுறையே கிடையாது. தொடர்ந்து ஓடுறப்ப என்ன பவர்னு சொல்றது ஆர்எம்எஸ்தான்.

நீங்களே செக் பண்ணலாம். ஆம்ப்ளிஃபயர் பின்னாடி கரண்ட் ஒயர் போற இடத்துக்குப் பக்கத்துல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல 230 வோல்ட், இத்தன வாட்ஸ்னு பவர் கன்சம்ப்ஷன் போட்டிருப்பான், இல்லன்னா ஃப்யூஸைப் பாருங்க, 2 ஆம்ப்னா 230ஆல பெருக்குங்க, 460 வாட்ஸ், உள்ள போறதே அவ்ளோதான்னா அதுக்கு மேல தொடர்ந்து எப்படி வெளிய வரும்? வயல்ல ஓடுற 5 ஹெச்பி போர் மோட்டாரே சுமார் 3,730 வாட்ஸ்தான், அதுக்கே த்ரீ ஃபேஸ் லைன் இழுக்குறோம். 10,000 வாட்ஸ் நிஜம்னா 43 ஆம்ப் இழுக்கணும், டிவி பக்கத்துல இருக்க 6 ஆம்ப் பிளக் தாங்கவே தாங்காது.

வாங்கப் போறவங்க கடையிலயே செட்டைத் திருப்பி அந்த ஸ்டிக்கரை போட்டோ எடுத்து இங்க போடுங்க, சேர்ந்து பாத்துக்கலாம்.