ரத்தம் எடுக்கும் முன் ஒரு கேள்வி: சோதனை முடிவுச் சீட்டு யார் கைக்குப் போகும்?

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா தூத்துக்குடி உப்பளத்தில் பல வருஷமாக உப்பு சுமக்கிறார். விடியும் முன்பே கிளம்புவார், கூடையில் ஒரு லிட்டர் பாட்டில். மதியம் திரும்பும்போது பாதித் தண்ணீர் அப்படியே இருக்கும். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். "குடிச்சா ஒண்ணுக்குப் போவணும்லா, அந்த வெட்டவெளில எங்க போயி ஒதுங்க?" ராத்திரி உடம்பு வலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை. வெயில், தண்ணீர் குடிக்காதது, வலி மாத்திரை, மூன்றுமே சிறுநீரகத்துக்கு ஆகாது.

போன கோடையில் சிறுநீரக நோய் ஆய்வுக்காக ரத்தம் சோதிக்க வந்தவர்களிடம் அவர் கையை நீட்ட மறுத்துவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. நோய் முற்றும்வரை வெளியே தெரியாதே, இலவசமாகப் பார்க்கிறார்கள், இதில் என்ன பயம் என்று திட்டினேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஆய்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 பேரைப் பார்த்ததால்தான், அவர்களில் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது வெளியே தெரிந்தது. பத்தில் ஒன்பது பேர் தாங்கக்கூடிய வெப்ப அளவுக்கு மேலே வேலை செய்கிறார்கள் என்பதும் அப்போதுதான் எண்ணாகப் பதிவானது. அந்த எண் இல்லையென்றால் "சர்க்கரையா இருக்கும், குடிப்பழக்கமா இருக்கும்" என்று சொல்லிக் கதையை முடித்துவிடுவார்கள்.

ஆனால் மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவில் நடந்ததையும் பார்க்க வேண்டும். அங்கே கரும்பு வெட்டுகிற இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக இதே சிறுநீரக நோயில் செத்தார்கள். ஆலைகள் அறுவடைக்கு முன் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) பார்க்க ஆரம்பித்தன, அளவு கூடினவனுக்கு வேலை கிடையாது. அவன் என்ன செய்வான்? வேறொருவர் அடையாள அட்டையோடு ஆள் சேர்க்கும் ஒப்பந்தக்காரரிடம் போய் அதே வெயிலில் அதே கரும்பை வெட்டினான். நோயைக் கண்டுபிடிக்கிற சோதனையே அவன் சோற்றைப் பறித்தது. காரணம் வெயிலா, பூச்சிமருந்தா, உலோகமா என்று வருஷக்கணக்கில் வாதாடிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் தண்ணீரும் நிழலும் ஓய்வும் ஒழுங்காகக் கொடுத்த இடத்தில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. இதற்கு எந்த ஆய்வு முடிவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, ஒரு ஓலைக் கொட்டகையும் கதவு வைத்த ஒரு கழிப்பறையும் நாளைக்கே போடலாம்.

எங்கள் ஊரில் வேலையை விட்டு நிறுத்தக் கடிதம்கூட வேண்டாம், "நாளைக்கு வர வேண்டாம்" என்றால் முடிந்தது. தினக்கூலிக்கு யாரிடம் போய் முறையிட? அதனால் ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் எழுதித் தர வேண்டும்: முடிவு தொழிலாளி கைக்கு மட்டும்தான், முதலாளிக்கோ கங்காணிக்கோ போகாது. யாருக்காவது நோய் தெரிந்தால் அதே கூலிக்கு நிழலில் வேலை தருவதாக அளத்துக்காரரிடமும் முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டும். சிகிச்சைக்கு எங்கே போக வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

அடுத்த மாதம் மறுபடி வருகிறார்களாம். போகலாமா என்று அக்கா கேட்டார். அந்தத் தாளைக் கேளுங்கள், கொடுத்தால் நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.